வன்கொடுமை: ஒரு சொல்லின் வழக்கு வரலாறு

1

ஒரே சொல்லுக்குச் சேரியில் ஒரு பொருள், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பொருள், கோர்ட்டில் ஒரு பொருள் என்று இருந்தால் அந்தச் சொல்லை உட்கார வைத்து விசாரிக்கத்தான் வேண்டும். 'வன்கொடுமை' அப்படி ஒரு சொல். 1989இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் தமிழ்ப் பெயரில் அது இருக்கிறது: பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம். அந்தச் சட்டத்தோடு சேர்ந்துதான் இந்தச் சொல் ஊர் ஊராக நடந்து போனது. சுவரொட்டியில் ஏறியது, மனுவில் ஏறியது, உண்மை அறியும் குழுக்களின் அறிக்கையில் ஏறியது.

சொல்லாராய்ச்சி பண்டிதர்கள் வேலை, நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். வெட்டுப்பட்டுக் கிடக்கிறவனுக்கு அகராதி எதுக்கு? நியாயமான கேள்விதான். ஆனால் வெட்டுப்பட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே ஸ்டேஷன் ரைட்டர் ஒரு சொல்லை எழுதி முடித்துவிடுகிறார். 'முன்விரோதம்' என்று எழுதுகிறார். 'குடிபோதையில் தகராறு' என்று எழுதுகிறார். 'இரு தரப்பு மோதல்' என்று எழுதுகிறார். வழக்கு எந்தப் பிரிவில் போகும், எந்த அதிகாரி விசாரிப்பார், அடித்தவனுக்கு முன்ஜாமீன் உண்டா, அடிபட்டவனுக்கு நிவாரணம் உண்டா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் முடிவாகிவிடுகிறது. ஆகவே பெயர் வைப்பது யார் என்பது நமக்கு இலக்கணப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

2

முதலில் 'கொடுமை'. இது தமிழின் பழைய சொல். இதன் அடியில் கிடப்பது 'கொடு'. கொடு என்றால் வளைந்தது, கோணலானது. வளைந்த கத்தி கொடுவாள். வில்லுக்குக் கொடுமரம் என்று ஒரு பெயர். வளைந்த வரிகள் கொண்ட புலிக்குக் கொடுவரி என்று ஒரு பெயர். நேரானது செம்மை, வளைந்தது கொடுமை. செந்தமிழுக்கு எதிரே கொடுந்தமிழை வைத்தார்கள் இலக்கணக்காரர்கள். அதாவது வட்டாரத்து ஜனங்கள் பேசுவது கோணல் தமிழ். சேரித் தமிழைக் கொச்சை என்று இன்றைக்கும் மூக்கைப் பிடிக்கிறவர்கள் அந்தப் பரம்பரைதான். செங்கோலுக்கு எதிரே கொடுங்கோல். திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, அடுத்த 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை.

ஒன்றை வளைந்தது என்று சொல்ல வேண்டுமானால் நேரானது எது என்று முதலில் முடிவு பண்ண வேண்டும். முடிவு பண்ணியது யார்? கோலைக் கையில் வைத்திருந்தவர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அந்தப் பட்டியலில் நிற்கின்றன. கல்லில் எழுத்து வெட்டியவருக்கோ, எழுதச் சொன்னவருக்கோ அது கொடுமையாகப் படவில்லை. அது ஓர் இடத்தின் பெயர், நிலக் கணக்கில் ஒரு வரி. தமிழர்களின் பொற்காலம் என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்தச் செங்கோலின் நிழலில்தான் தீண்டாச்சேரியும் இருந்தது. கோல் வளையவில்லை. சேரி அந்தக் கோலால் அளக்கப்படவே இல்லை.

'கொடுமை கொடுமைன்னு கோயிலுக்குப் போனா அங்க ரெண்டு கொடுமை தலைவிரிச்சு ஆடுச்சாம்' என்று ஒரு பழமொழி உண்டு. இதைச் சொன்னவர் நிச்சயமாக ஊர்க்காரர்தான். சேரிக்காரருக்குக் கோயிலுக்குள்ள என்ன ஆடுதுன்னு பார்க்க வழி ஏது? மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ளேயே 1939 ஜூலை 8ஆம் தேதிதான் நம்மவர்கள் போக முடிந்தது. ஊர்க்காரருக்குக் கொடுமை என்பது எப்போதாவது வருகிற கஷ்டம். மழை பொய்த்தால் கொடுமை, வெயில் அடித்தால் கொடுமை, பஸ் வரவில்லை என்றால் 'கொடுமைடா சாமி'. தினமும் நடப்பதை, நடக்க வேண்டும் என்று விதித்திருப்பதை, அந்தச் சொல்லால் யாரும் சுட்டவில்லை.

அதற்கு முன்னால் 'வன்' வந்து ஒட்டியதும் கதை மாறுகிறது. 'வல்' என்ற அடியிலிருந்து வருவது வன். வலிமை, வல்லவன், வல்லடி, வன்சொல் எல்லாம் ஒரே குடும்பம். ஆக வன்கொடுமை என்றால் வல்லவன் செய்கிற கோணல், பலத்தால் செய்கிற கோணல். கெட்ட மனசு மட்டும் இருந்தால் போதாது. பின்னால் நிலம் இருக்க வேண்டும், ஊர்க்கூட்டம் இருக்க வேண்டும், ஸ்டேஷனில் நாற்காலி போடுகிற ஆள் இருக்க வேண்டும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் செய்தால்தான் அது இந்தச் சட்டப்படி குற்றம். 'ஏன் அவங்க மட்டும் எங்க மேல கேஸ் போடலாம், நாங்க போட முடியாதா' என்று கேட்கிறவர்களுக்குப் பதில் அந்த 'வன்'னிலேயே இருக்கிறது.

3

இந்தத் தமிழ்ச் சொல் எந்தச் சொற்களின் இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று பார்த்தால் இதன் அருமை இன்னும் விளங்கும். ஆங்கிலச் சட்டத்தில் இருக்கிற சொல் அட்ராசிட்டி. அதன் மூலம் லத்தீன் மொழியின் 'ஆட்ரோக்ஸ்'. அதன் முதல் பாதி, கருப்பு என்று பொருள்படும் 'ஆட்டெர்' என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். கருத்துத் தெரிவது, இருண்ட முகம் கொண்டது என்று பொருள். கொடூரம் என்றதும் ஐரோப்பியனின் மனசில் ஒரு கருத்த முகம் வந்து நிற்கிறது. கருப்பு மனிதர்களைக் கப்பலில் சங்கிலியிட்டு ஏற்றியவர்களின் மொழி அது. கொடுமை செய்தவனின் முகம் என்ன நிறம் என்று வரலாற்றுக்குத் தெரியும்.

இந்தியில் இந்தச் சட்டத்தின் பெயரில் இருப்பது 'அத்யாசார்'. மராத்தியிலும் அதே சொல் புழங்குகிறது. பிரித்தால் அதி, ஆசாரம். ஆசாரத்தின் எல்லையைத் தாண்டியது, ஒழுக்கம் மீறியது என்று அர்த்தம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. கொஞ்சம் நின்று யோசித்தால் தலை சுற்றுகிறது. நம் மேல் நடப்பது ஆசாரத்தை மீறியதா, ஆசாரத்தைக் காப்பாற்றுவதற்காக நடப்பதா?

1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். அவரோடு வந்த ஆயிரக்கணக்கான ஜனங்கள் குடித்தார்கள். அந்தக் குளம் தீண்டப்படாதவர்களுக்கும் உண்டு என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. அப்படியிருந்தும் திரும்பிப் போகிற ஜனங்களைச் சாதி இந்துக்கள் தடியால் அடித்தார்கள். அப்புறம் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றி, மந்திரம் சொல்லிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். தடியால் அடித்ததும் மந்திரம் சொன்னதும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி. இரண்டுக்கும் பெயர் ஆசாரம்தான். இதில் 'அதி' எங்கே வந்தது?

'அத்யாசார்' என்று சொன்னால், ஆசாரம் நல்லது, யாரோ சில முரடர்கள் அதை மீறிவிட்டார்கள் என்று ஆகிறது. 'சாதி இருக்கட்டும், சண்டை வேண்டாம்' என்று பேசுகிற பெரிய மனிதர்களுக்கு அந்தச் சொல் வசதியானது. தமிழில் வந்து விழுந்த சொல்லில் ஆசாரம் இல்லை. நேரான ஒழுங்கு ஒன்று இருந்தது, அது மீறப்பட்டது என்கிற பொய்யும் இல்லை. பலமும் கோணலும் மட்டும் இருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் இவ்வளவும் யோசித்து வைத்தார்கள் என்று நான் வாதாட வரவில்லை. சொல் நம் கைக்கு வந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து எடுத்துக்கொள்வது நம் பாடு.

4

இந்தச் சொல் வருவதற்கு முன்னால் இதே காரியங்களுக்கு என்ன பெயர் இருந்தது? பெயர் இல்லாமல் இல்லை. எல்லாம் செய்தவன் வைத்த பெயர்.

புராணத்தில் அதற்கு முக்தி என்று பெயர். பெரியபுராணம் சொல்லும் திருநாளைப்போவார் கதையில் ஆதனூர்ப் புலையர் ஒருவர் தில்லைக் கோயிலுக்குள் போக ஆசைப்படுகிறார். தீயில் இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. வெளியே வரும்போது பூணூலோடு வருகிறார், பிறகு சபையில் மறைந்து போகிறார். நெருப்பு இருக்கிறது, ஆளைக் காணோம். அதற்கு அருள் என்று பெயர்.

தஞ்சாவூர்ப் பண்ணைகளில் அதற்குத் தண்டனை என்று பெயர். பண்ணையாள் வேலைக்கு நேரம் கழித்து வந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், சவுக்கடி. சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது, அதற்குச் சாணிப்பால் என்று ஒரு பெயர். பாலாம்! சாணியைக் கூடப் பால் என்று சொல்லிக் கொடுத்த மொழி இது. 1940களில் சீனிவாசராவ் போன்றவர்களின் முன்கையெடுப்பில் விவசாயச் சங்கம் கட்டி, கூட்டமாக எதிர்த்து நின்றுதான் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தன. அதுவரை அது பண்ணையின் நிர்வாக விஷயம். தப்பு செய்தவனைத் திருத்துவது.

ராமநாதபுரத்தில் அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர். 1930 டிசம்பரில் அங்கே கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கட்டக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் நாசமாயின, ஆடுமாடுகள் பறிபோயின. அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. கட்டுப்பாட்டை மீறியது யார்? செருப்புப் போட்டவன். குற்றவாளி யார்? அவனேதான்.

சுதந்திரம் வந்த பிறகு அதற்குக் கலவரம் என்று பெயர். 1957 செப்டம்பர் 11இல் இமானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். தொடர்ந்து நடந்தவை 'முதுகுளத்தூர்க் கலவரம்' என்று பதிவாயின. 1978இல் விழுப்புரத்தில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அது 'விழுப்புரம் கலவரம்' ஆயிற்று. கலவரம் என்றால் இரண்டு பக்கமும் கல்லெறிந்தார்கள் என்று அர்த்தம். ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் மண்டை என்று அந்தச் சொல் காட்டாது.

வெண்மணியில் அதற்குக் கூலித் தகராறு என்று பெயர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதும் செங்கொடி ஏற்றியதும்தான் குற்றம். அரசாங்கம் கணபதியா பிள்ளை கமிஷனைப் போட்டது. எதற்கு? கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் கூலிப் பிரச்சினையை ஆராய. எரிந்தவர்கள் தலித்துகள் என்பது அந்தப் பெயரில் எங்கேயும் இல்லை. செங்கொடிக்காரர்களும் அன்றைக்கு வர்க்கம் என்ற சொல்லைத்தான் முன்னால் வைத்தார்கள், சாதி பின்னால் நின்றது. 1973இல் உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ள பெரிய நிலக்காரர்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. 'வன்' என்ற எழுத்துக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? பலமே அவர்களுக்குச் சாட்சி சொன்னது.

5

சட்டத்தின் மொழி எப்படி மாறியது என்பது அடுத்த கதை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. கோயிலில் விடாதது, கிணற்றில் விடாதது, டீக்கடையில் தனிக் குவளை இவைதான் அதன் கவலை. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமையைப் பாவம் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். பாவம் என்றால் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டால் போயிற்று. தீண்டாமை என்ற சொல்லுக்குள் தொடாமல் விலகுவது மட்டும்தான் இருக்கிறது. தொட்டு அடிப்பதும், தொட்டுக் கெடுப்பதும், தொட்டு எரிப்பதும் அதற்குள் இல்லை.

1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர் நம்ம தென்னாற்காட்டு மண்ணைச் சேர்ந்த எல். இளையபெருமாள். நாடு முழுக்கச் சுற்றிச் சாட்சியங்கள் வாங்கி 1969இல் அறிக்கை கொடுத்தார். வெண்மணியின் சாம்பல் சூடு ஆறாத நேரம். அந்த அறிக்கையின் அழுத்தத்தால் 1976இல் பழைய சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அது போதவில்லை என்பதைப் பீகாரின் பெல்ச்சி (1977), நம் விழுப்புரம் (1978), ஆந்திரத்தின் காரம்சேடு (1985) என்று பிணங்கள் வரிசையாக வந்து சொல்லின. காரம்சேடுக்குப் பிறகு ஆந்திராவில் எழுந்த தலித் இயக்கம் டெல்லி வரை கேட்டது. 1989இல் சட்டம் வந்தது. 1995இல் விதிகள் வந்தன. துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் தர வேண்டும் என்றெல்லாம் அந்த விதிகளில்தான் வந்தது.

இந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வன்கொடுமை என்றால் என்ன என்று அது விளக்கவில்லை. மூன்றாம் பிரிவின்படி தண்டிக்கத்தக்க குற்றம்தான் வன்கொடுமை என்று சொல்லிவிட்டு, மூன்றாம் பிரிவில் ஒரு பட்டியலைப் போடுகிறது. 1989இல் அந்தப் பட்டியல் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? தின்னக்கூடாததைத் தின்ன வைப்பது, குடிக்கக்கூடாததைக் குடிக்க வைப்பது. வீட்டு வாசலில் மலத்தையும் செத்த மாட்டையும் போடுவது. துணியை உரிந்து ஊர்வலம் விடுவது. நிலத்தைப் பிடுங்குவது. வெட்டி வேலை வாங்குவது. ஓட்டுப் போட விடாமல் தடுப்பது. பொய் வழக்குப் போடுவது. நாலு பேர் முன்னால் இழிவுபடுத்துவது. குடிதண்ணீரைக் கெடுப்பது. நடந்து வந்த பாதையை அடைப்பது. ஊரை விட்டு விரட்டுவது.

தோழர்களே, இதை வக்கீல் மொழி என்று தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஏதோ ஒரு ஊர் இருக்கிறது. முதல் வரியில் தஞ்சாவூர்ச் சாணிப்பால் இருக்கிறது. சட்டம் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்தும் 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளின் வாயில் மனித மலம் திணிக்கப்பட்டது. எழுதி வைத்தவர்களுக்கு இந்த நாட்டைத் தெரிந்திருந்தது.

2015இல் திருத்தம் வந்தது, 2016 ஜனவரி 26 முதல் அமலானது. பட்டியல் நீண்டது. செருப்பு மாலை போடுவது, மொட்டையடிப்பது, மீசையை வழிப்பது, பிணம் தூக்கவும் குழி வெட்டவும் கட்டாயப்படுத்துவது, கையால் மலம் அள்ள வைப்பது, பெண்ணைப் பொட்டுக்கட்டுவது, ஊரே சேர்ந்து ஒதுக்கி வைப்பது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பதும் குற்றம் என்று எழுதினார்கள். 1930இல் ராமநாதபுரத்தில் போட்ட தடையை இந்தியக் குடியரசு 85 வருஷம் கழித்துக் குற்றம் என்று எழுத வேண்டியிருக்கிறது. அதாவது செருப்பு இன்னும் பிரச்சினையாகத்தான் இருக்கிறது.

6

பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை வழங்க மாட்டேன் என்பதுதான் இப்போதைய சண்டை.

2006 செப்டம்பர் 29இல் மராட்டியத்தின் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தின் தாய், மகள், இரண்டு மகன்கள் ஊர்க்கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்நீதிமன்றம் 2008இல் எட்டுப் பேருக்குத் தண்டனை கொடுத்தது, ஆறு பேருக்குத் தூக்கு. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. 2010இல் உயர்நீதிமன்றமும் அதே வழியில் போய், தூக்கை 25 வருஷச் சிறையாக மாற்றியது. பழிவாங்கல், சாதி இல்லை. நிலத்துக்குப் பாதை விடும் தகராறும், போலீசில் சாட்சி சொன்ன கோபமும்தான் காரணமாம். ஒரு தலித் குடும்பம் நிலத்தில் உரிமை கேட்டதும், போலீசில் போய்ச் சாட்சி சொன்னதும் ஏன் ஊரையே கூட்டியது என்று கேட்டால் அங்கே சாதி வந்து நிற்கும். அதைக் கேட்கவில்லை.

பழைய சட்டத்தில் பெரிய குற்றங்களுக்கு, 'பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால்' செய்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கொலைகாரன் மனசுக்குள் போய்ச் சாதியைத் தேடி எடுத்துக்கொண்டு வா என்றார்கள். 2015 திருத்தம் அதை 'பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே' என்று மாற்றியது. ஊருக்குள் யார் எந்தத் தெரு என்று தெரியாத ஆள் உண்டா?

2018 மார்ச் 20இல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, கைதுக்கு முன் மேலதிகாரி அனுமதி, வழக்குக்கு முன் ஆரம்ப விசாரணை என்று நிபந்தனை போட்டது. ஏப்ரல் 2ஆம் தேதி நாடு முழுக்கத் தலித்துகள் தெருவுக்கு வந்தார்கள். வட மாநிலங்களில் பலர் உயிரைக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்து அந்த நிபந்தனைகளை நீக்கியது. 2020 பிப்ரவரி 10இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அதே 2020 நவம்பரில் வேறொரு வழக்கில், நாலு சுவருக்குள் வெளி ஆள் பார்க்காமல் சாதி சொல்லித் திட்டியது இந்தச் சட்டத்தில் வராது என்று தீர்ப்பு. வீட்டு வேலைக்குப் போகிற நம்ம பெண்கள் நாலு சுவருக்குள்ளதான் எல்லாத்தையும் கேட்கிறார்கள். சாட்சிக்கு யாரைக் கூட்டிட்டுப் போவாங்க?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. இரண்டு வருஷம் விசாரித்த சி.பி.சி.ஐ.டி. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. அவ்வளவுதான், வழக்கு சிறப்பு நீதிமன்றத்தை விட்டுச் சாதாரணக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது. செய்தது தலித் என்றால் அது வன்கொடுமை இல்லையே. வேங்கைவயல் மக்களும் பல இயக்கங்களும் இந்த முடிவை ஏற்கவில்லை. மலத்தைக் கலந்தது யார் என்பதை நாம் இங்கே தீர்ப்பெழுத வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு இப்போது வன்கொடுமைக்கு ஆளானவர்கள் என்ற பெயரே இல்லாமல் போய்விட்டது.

7

கோர்ட்டுக்கு வெளியிலும் இந்தச் சொல் தேய்க்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் போலீசுக்கும் சாதிச் சங்கங்களுக்கும் இது இன்றைக்கும் 'பி.சி.ஆர். கேஸ்'தான். 1976ஆம் வருஷத்துப் பெயர். 'பி.சி.ஆர்.ல போட்டுட்டான்' என்று சொல்லும்போது போட்டவன் அக்கிரமக்காரன், மாட்டினவன் அப்பாவி. வன்கொடுமை என்ற சொல்லை வாயில் எடுத்தால் யார் யாருக்குச் செய்தது என்று கேள்வி வரும், மூன்று எழுத்துக்குள் ஒளிந்துகொண்டால் வராது. இன்னொரு பக்கம், 'செம அட்ராசிட்டி பண்றான்' என்று பையன்கள் குறும்புக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சினிமாவில் வருகிறது, செல்போனில் வருகிறது. நம்ம பையன்களும் சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள். 2022ஆம் வருஷம் மட்டும் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் என்று தேசியக் குற்றப் பதிவேட்டில் ஏறிய வழக்குகள் 57,582. ஏறாதவை கணக்கில் இல்லை.

நல்ல வழியிலும் சொல் பயணம் போயிருக்கிறது. பெண்ணின் கற்பை அழித்தது என்று பொருள் தந்த 'கற்பழிப்பு' என்ற சொல்லைப் பெண்கள் இயக்கங்கள் எதிர்த்தன. பத்திரிகைகள் இன்று 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகின்றன. பழியைப் பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்துச் செய்தவனின் பலத்தின் மேல் வைக்கிற சொல் அது. நம் சட்டத்தோடு வளர்ந்த சொல் எல்லாப் பெண்களுக்கும் உதவுவதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தலித் பெண்ணுக்கு நடந்ததையும் வெறும் 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதிச் சாதியைக் கழற்றிவிடுகிற வேலையும் நடக்கிறது. அதைச் சும்மா விடக்கூடாது. 'கௌரவக் கொலை' என்று கொன்றவன் பக்கம் நின்று எழுதிக்கொண்டிருந்தவர்களை 'ஆணவக் கொலை' என்று எழுத வைத்தது இயக்கங்கள்தான். கேட்டால் மாறும், கேட்டுக்கொண்டே இருந்தால் மாறும்.

ஆகவே செய்ய வேண்டியது சில. புகார் எழுதும்போது 'அசிங்கமாகத் திட்டினார்' என்று எழுதாதீர்கள். என்ன சொன்னான், எந்தச் சாதிப் பெயரைச் சொன்னான், யார் யார் கேட்டார்கள், எந்த இடம், எத்தனை மணி என்று அவன் வாயில் வந்தபடியே எழுதுங்கள். வெறும் மனு ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், முதல் தகவல் அறிக்கையின் நகல் கேளுங்கள், அதில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். கடமையைச் செய்யாத அதிகாரிக்கும் இதே சட்டத்தின் நான்காம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று. 1989 பட்டியலும் 2015 பட்டியலும் ஜனங்கள் கொடுத்த சாட்சியத்தால் நீண்டவை. பட்டியலில் ஏறாதவை இன்னும் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கையில் கட்டுகிற கலர்க் கயிறு, கல்லூரி ஹாஸ்டலில் தனியாகப் போடுகிற தட்டு, வாடகைக்கு வீடு கேட்டால் 'நீங்க என்ன ஆளுங்க' என்று வருகிற கேள்வி. இவற்றுக்கு ஊர் வைத்திருக்கிற பெயர்கள் வழக்கம், வசதி, விருப்பம். உங்கள் ஊரில் நடந்ததைத் தேதியோடு, சொன்னவர் பேச்சிலேயே எழுதி வையுங்கள். அடுத்த திருத்தம் வரும்போது அந்தக் காகிதம் வேண்டியிருக்கும்.